ஒற்றைக் கொம்பு

திருப்பாதிரிப்புலியூர்,
18.08.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இலக்கியா எழுதுவது. உறை மேல் 'நல்லசிவத் தம்பிரான் அவர்கள்' என்று ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே நீங்கள் அப்பாதான், அதை யாரும் தடுக்க முடியாது. இங்கு நானும் அத்தையும் நலம். அத்தைக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. காடாம்புலியூரிலிருந்து வந்த கடைசிப் பலாப்பழத்தை வாசனை மட்டும்தான் பார்த்தேன் என்று சாதிக்கிறார். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஒரு விஷயம். உங்கள் மடத்து வேலை எங்கள் அச்சகத்துக்கு வந்திருக்கிறது! முதலாளி தேவசகாயம் சார் ஒரு பழுப்புக் கவரை என் மேசையில் வைத்து, "சிதம்பரத்துலேருந்து சாமியாருங்க புக்கு வந்துருக்கு, நீயே பாத்துக்க" என்றார். பிரித்தால் அம்பலத்தேசிகர் மடத்துக் குருமரபு வரிசை. 1936இல் அச்சான சின்னப் புத்தகம், தை மாதக் குருபூசைக்கு மறுபதிப்பு. கொண்டுவந்தவர் உங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர் தில்லைநாதன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

1936க்குப் பின் வந்தவர்களைக் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள், முதல் தேசிகரிலிருந்து இப்போதைய சந்நிதானம் வரை பதினொரு பேர். அதற்குக் கீழே பென்சிலில் 'பன்னிரண்டு: ஒரு வரி இடம் விடவும்' என்று இருக்கிறது. அந்த வரி யாருக்கு அப்பா? சந்நிதானத்துக்கு உடம்பு அவ்வளவு முடியவில்லையா? கதை கேட்பதற்காகக் கேட்கவில்லை. தம்பிரானாக இருக்கும்வரை மாதம் ஒரு கடிதம் எழுதலாம், பீடத்தில் ஏறியவர் பழைய உறவுகளுக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த ஒரு வரி நீங்களாக இருந்தால் எனக்கு எல்லா வரியும் போய்விடும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஐந்தாவது பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. 'பண்பெற்றார் தேசிகர்' என்றால் பாடகரா?

இரண்டுக்கும் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
இலக்கியா

*

சிவமயம்

சிதம்பரம்,
02.09.2024

செல்வி இலக்கியாவுக்கு,

சிவன் அருளால் இங்கு யாவரும் நலம். அங்கு உன் நலமும் உன் அத்தை விருத்தாம்பாள் நலமும் அறிய விருப்பம். விரும்பக் கூடாது என்பது முறை, இருந்தாலும் விரும்பிவிட்டேன். வாசனை பார்த்தவருக்குச் சர்க்கரை ஏறியதாக எந்த ஆவணத்திலும் இல்லை என்று அத்தையிடம் சொல். முழங்கால் மடக்கினால் வலிக்கிறது, நீட்டினால் வலிப்பதில்லை. ஆகவே பூசை நேரத்தில் மட்டும் வலி.

உன் கடிதத்தில் மூன்று இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய். பத்திரத்தில் ஒரு புள்ளி போனால் ஒரு கிணறு போகும் என்று புவனகிரியில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். புத்தகத்தில் அப்படி விடாதே.

பண்பெற்றார் தேசிகரைப் பற்றிக் கேட்டாய். பட்டம் ஏற்ற காலத்தில் அவருக்குக் குரலே எழாதாம். ஆனித் திருமஞ்சனத்தன்று நடராசர் சபைக்கு முன் நின்று அழுதாராம். அன்றிலிருந்து எந்தப் பண்ணும் வாயில் தானாக வந்ததாம். அவர் குருபூசை நாளில் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து சிறுபிள்ளைகளை அழைத்துவந்து முதல் பாட்டு பாட வைப்பார்கள். போன வருடம் ஒரு பையன் பாட மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டான். அவன் அப்பா தானே பாடிவிட்டுப் போனார்.

அட்டைக்குக் காவி வண்ணம் வேண்டாம், மஞ்சள் போதும் என்பது சந்நிதானத்தின் விருப்பம். தாள் கெட்டியாக இருக்கட்டும்.

சிவனருள் பெருகுக.

நல்லசிவத் தம்பிரான்

*

திருப்பாதிரிப்புலியூர்,
15.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மஞ்சள் அட்டை, கெட்டித் தாள், எல்லாம் சரி. இரண்டு கேள்வி கேட்டேன், ஒன்றுக்கு ஒரு பக்கம் பதில் வந்தது. மற்றதற்கு ஒரு எழுத்துகூட வரவில்லை. அத்தையிடம் படித்துக் காட்டினேன். "எந்தம்பி பத்திரம் எழுதுறப்பவே அப்புடித்தான். வில்லங்கம் எதுவோ அத எழுதவே மாட்டான், வாயாலதான் சொல்லுவான்" என்றார். அத்தை சொல்வது சரியா?

போகட்டும். எனக்கு ஐந்தாமவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மற்ற பத்து பேருக்கும் பெயருக்குக் கீழே அவர்கள் செய்தது இருக்கிறது. ஒருவர் குளம் வெட்டினார், ஒருவர் அந்தாதி பாடினார், ஒருவர் பதினெட்டு வருடம் பேசாமல் இருந்தார். பண் பெற்ற மனிதருக்குக் கீழே ஒரு பாட்டின் பெயர்கூட இல்லையே. எந்தப் பண் என்றும் இல்லை. குரல் வந்தவர் பாடியதை யாரும் எழுதி வைக்கவில்லையா? எனக்கு இது ஒட்டவில்லை.

பழைய புத்தகம் ஓலை ஏட்டைப் பார்த்து அச்சிட்டது என்று முன்னுரை சொல்கிறது. அந்த ஏடு மடத்தில் இருக்கிறதா? அட்டையில் போட ஒரு படம் வேண்டும். தில்லைநாதன் செல்போனில் எடுத்து அனுப்பினால் போதும்.

பன்னிரண்டாம் வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நான் அதைத் தினமும் பார்க்கிறேன்.

உங்கள் மகள்,
இலக்கியா

*

சிவமயம்

சிதம்பரம்,
04.10.2024

செல்வி இலக்கியாவுக்கு,

இங்கு நலம். சந்நிதானத்துக்கு இருமல் நிற்கவில்லை. மதியத்தில் நான் திருமுறை வாசிக்கிறேன், கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறார். நிறுத்தினால் விழித்துக்கொள்கிறார்.

ஏடு இருக்கிறது. முதல் ஓலையை மட்டும் படம் எடுத்து அனுப்பத் தில்லைநாதனிடம் சொல்லியிருக்கிறேன். அட்டைக்கு அது போதும். மற்ற ஓலைகள் பூச்சி அரித்தவை, பார்க்க நன்றாக இராது.

பாட்டு கிடைக்கவில்லை என்பதற்காகப் பாடவில்லை என்று சொல்லிவிட முடியுமா? வெள்ளாற்றில் எத்தனையோ ஏடுகள் போயிருக்கின்றன. இதில் நீ நேரம் செலவழிக்க வேண்டாம்.

காலையில் சாப்பிட்டுவிட்டுத்தானே வேலைக்குப் போகிறாய்? இது நான் கேட்கக் கூடாத கேள்வி. பதில் எழுது.

நல்லசிவத் தம்பிரான்

*

திருப்பாதிரிப்புலியூர்,
27.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன், இட்லி. இனி நான் சொல்வதை உட்கார்ந்து படியுங்கள், முழங்காலை நீட்டிக்கொள்ளுங்கள்.

தில்லைநாதன் முதல் ஓலையை மட்டும் அனுப்பவில்லை. ஒன்பது ஓலையையும் அனுப்பிவிட்டார். எது முதல் என்று அவருக்குத் தெரியவில்லையாம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு ஓலை எழுத்து கொஞ்சம் ஓடும், சின்ன வயதில் நீங்கள் பழைய பத்திரங்களை விரித்து வைத்தபோது ஓரத்தில் உட்கார்ந்து பழகியதுதான். நான்காவது ஓலையில் ஐந்தாமவர் இருக்கிறார். கம்ப்யூட்டரில் நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஏட்டில் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், அது உங்களுக்குத் தெரியும். அதனால் 'பணபெறறார' என்று இருக்கிறது. புத்தகம் போட்டவர் அதைப் 'பண்பெற்றார்' என்று படித்திருக்கிறார். ஆனால் அந்த 'ப' எங்கே இருக்கிறது தெரியுமா? கயிறு கோக்கிற துளைக்கு வலப்பக்கம், துளையை ஒட்டி. துளைக்கு இடப்பக்கம் ஒரு சின்னச் சுழி தனியாக நிற்கிறது. புத்தகக்காரர் அதை ஓலையின் வெடிப்பு என்று விட்டிருக்க வேண்டும். அது வெடிப்பில்லை அப்பா. ஒற்றைக் கொம்பு. அதே வரியில் 'பெற்றார்' என்பதற்குப் போட்ட கொம்பை வெட்டி எடுத்து இதன் மேல் வைத்துப் பார்த்தேன், வளைவு அப்படியே பொருந்துகிறது. எழுதியவர் கொம்பைப் போட்டார், நடுவில் துளை வந்தது, தாண்டிப் போய் 'ப' போட்டார்.

பண் இல்லை. பெண். 'பெண்பெற்றார் தேசிகர்.'

குரலும் வரவில்லை, சபைக்கு முன் அழவும் இல்லை. அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது, அவ்வளவுதான்! எண்பத்தெட்டு வருடமாக அச்சில் ஒரு கொம்பு இல்லாததால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தூணைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தேவசகாயம் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, "கொம்புதாம்மா. ஆனா பார்ட்டி கையெழுத்து போட்டாத்தான் பிளேட்டு" என்று போய்விட்டார்.

உங்களைப் போல ஒருவர் அந்த வரிசையில் இருந்திருக்கிறார் அப்பா. அவளுக்கு என்ன வயது, அவளை யார் வளர்த்தார்கள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உடனே எழுதுங்கள். திருத்திவிடட்டுமா?

இலக்கியா

*

திருப்பாதிரிப்புலியூர்,
08.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் இல்லை. நவம்பர் முழுக்கப் பார்த்தேன். பிறகு புயல் வந்தது, பெண்ணையாறு உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது, தபால் எல்லாம் நின்றுவிட்டது, அதனால்தான் என்று வைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அத்தையைப் பக்கத்து மாடி வீட்டில் இரண்டு நாள் விட்டிருந்தேன். அங்கேயும் போய் அவர்கள் ரசத்தில் குறை சொல்லியிருக்கிறார். இப்போது வீடு காய்ந்துவிட்டது, நலம். அச்சகத்தில் கீழே அடுக்கியிருந்த ரீம் எல்லாம் ஊறிப்போயிற்று. உங்கள் கெட்டித் தாள் மேல் அடுக்கில் இருந்ததால் தப்பித்தது.

அங்கே வெள்ளம் இல்லையே? சந்நிதானம் எப்படி இருக்கிறார்? என் அக்டோபர் கடிதம் கிடைத்ததா இல்லையா, அதை மட்டுமாவது எழுதுங்கள். கோபமா? சிரித்து எழுதினேன் என்பதற்காகவா? தேசிகரைப் பார்த்துச் சிரிக்கவில்லை அப்பா.

இலக்கியா

*

சிவமயம்

சிதம்பரம்,
16.12.2024

செல்வி இலக்கியாவுக்கு,

கடிதங்கள் கிடைத்தன. வெள்ளத்தில் நீங்கள் இருவரும் நலம் என்று அறிந்து நிம்மதி.

ஏடு சிதைந்தது. துளையோரத்தில் உள்ளதை வைத்து எதுவும் முடிவு செய்ய இயலாது. பழைய புத்தகத்தில் உள்ளபடி 'பண்பெற்றார்' என்றே இருக்கட்டும்.

நல்லசிவத் தம்பிரான்

*

திருப்பாதிரிப்புலியூர்,
29.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனசில்லை. அத்தை மட்டும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

பத்திரத்தில் ஒரு அரைப்புள்ளிக்காக சப்ரிஜிஸ்திரார் அலுவலக வாசலில் சண்டை போட்டவர் நீங்கள். 'எதுவும் முடிவு செய்ய இயலாது' என்று நீங்கள் எழுதினால் நான் நம்புவேனா?

போன வியாழக்கிழமை தில்லைநாதன் வந்தார். அவசரம், குருபூசைக்கு நாள் நெருங்குகிறது என்றார். பன்னிரண்டாம் வரி என்ன ஆயிற்று என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பெரியவருக்கு நல்லசிவத் தம்பிரான் மேலதான் நோக்கம். மத்த ரெண்டு தம்பிரானுங்களுக்கும் வயசாயிடுச்சு. ஆனா பழைய சீடருங்க நாலஞ்சு பேரு ஒத்துக்க மாட்றாங்க. குடும்பம் நடத்திப் புள்ள பெத்தவுரு யாரும் இந்தப் பீடத்துல ஒக்காந்ததில்லையாம். அவருக்கு ஒரு பொண்ணு இருக்குதாம், இங்க கடலூர்லதான் எங்கியோ. அதான் வெனை."

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். நவம்பரில் கூட்டம் நடந்ததாம். நீங்களே எழுந்து, "அவுங்க சொல்றது சரி, மரபுல அப்படி யாரும் இருந்ததில்ல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டீர்களாம். இனி வேறு ஆள் இல்லை, மடத்தை ஒரு பெரிய மடத்தோடு சேர்த்துவிடுவார்கள், வரிசை பதினொன்றோடு முடியும் என்றார். டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் அப்பா. அக்டோபர் 27இல் நான் எழுதியிருந்தேன். கொம்பு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இல்லை என்று சபையில் சொன்னீர்கள்.

அம்மா போய் இரண்டு வருடத்தில் நீங்கள் காவி கட்டிக்கொண்டு போனபோது, இவருக்கு நான் ஒரு பொருட்டே இல்லை என்று அழுதேன். ஏழு வருடமாக அந்தக் கோபம் எனக்குள் இருந்தது, உங்களுக்கு எழுதும்போதெல்லாம் அதை மடித்து ஓரத்தில் வைத்துவிட்டு எழுதினேன். வியாழக்கிழமை தில்லைநாதன் போன பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதேன், இந்தத் தடவை சந்தோஷத்தில். எனக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவதற்காக எங்கப்பா ஒரு பீடத்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இதை யாரிடம் சொல்ல? அத்தையிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

ஆனால் அப்பா, அது பொய். அந்த மனிதருக்கு ஒரு பெண் இருந்தாள். ஒரு தடவை அவளைத் துளை தின்றது, ஒரு தடவை புத்தகக்காரர் தின்றார். மூன்றாவதாக நானும் நீங்களும் சேர்ந்து அவளை இல்லாமல் ஆக்குவதா? எனக்கு உங்கள் கடிதம் வேண்டும். ரொம்ப வேண்டும். ஆனால் பார்த்த எழுத்தைப் பார்க்காதது போல என்னால் அச்சுக்குக் கொடுக்க முடியாது.

புரூஃப் இத்துடன் இருக்கிறது. 'பெண்பெற்றார் தேசிகர்' என்று போட்டிருக்கிறேன். நான்காவது ஓலையின் படமும், கொம்பு தெரிகிற மாதிரி, எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்து போட்டால் பிளேட் போட்டு அச்சுக்குப் போகும். போடாவிட்டால் இந்த வேலையை வேறு அச்சகத்துக்குக் கொடுத்துவிடுங்கள், நான் செய்ய மாட்டேன்.

உங்கள் மகள்,
இலக்கியா

*

சிவமயம்

சிதம்பரம்,
09.01.2025

அன்பு மகள் இலக்கியாவுக்கு,

நலம். ஆருத்ராவுக்குக் கொடி ஏறிவிட்டது, வீதி முழுக்கக் கூட்டம். தேர் ஓடுவதற்குள் இதைத் தபாலில் சேர்க்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். புரூஃபை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழாம் பக்கத்தில் ஒரு ஒற்று விட்டிருக்கிறாய், அதை மட்டும் சேர்த்துக்கொள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கொம்பை நீ காட்டித்தான் நான் பார்த்தேன் என்று நினைக்காதே. ஏழு வருடம் முன்பு இங்கு வந்த முதல் மாதம், ஏடுகளுக்கு எண்ணெய் பூசும் வேலையைக் கொடுத்தார்கள். நான்காவது ஓலையைத் துடைத்தபோதே பார்த்துவிட்டேன். பத்திரம் எழுதிய கண்ணுக்குத் துளையோரத்து எழுத்து தப்புமா? துணியை வைத்துவிட்டுக் குளத்தங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு முன்னால் ஒருவர் இந்த வலியோடு இங்கே இருந்திருக்கிறார் என்று அன்று எனக்கு ஒரு துணை கிடைத்தது.

யாரிடமும் சொல்லவில்லை. முதலில் கூச்சம். பெண்ணை விட்டு வந்தவன் வந்த மாதமே தன்னைப் போல ஒருவரை மரபில் கண்டுபிடித்துவிட்டான் என்பார்கள். பிறகு சந்நிதானம் என்னைக் கவனிக்க ஆரம்பித்தபோது, சொல்லாமல் இருப்பதற்கு நீ காரணம் ஆனாய். அந்த எழுத்து மறைந்திருக்கும்வரை என்னை யாரும் ஏற்ற முடியாது. ஏற்றாதவரை மாதம் ஒரு கடிதம் உண்டு. இவ்வளவுதான் என் கணக்கு. உன் கடிதம் வரும் நாளில் அதைப் பிரிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

நேற்று சந்நிதானத்திடம் புரூஃபைக் கொண்டுபோனேன். படுத்தபடியே கேட்டார். ஐந்தாம் பெயரை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். ஓலையைக் கொண்டுவரச் சொல்லி விரலால் தடவினார், கண் தெரியவில்லை. "இத யாரு கண்டுபுடிச்சது?" என்றார்.

"எம்பொண்ணு" என்றேன்.

இந்த மடத்துக்குள் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஓலையை மார்பின் மேல் வைத்துக்கொண்டார். பிறகு, "சபையில நீ சொன்னது பொய்யின்னு நீயே போயி சொல்லிட்டு வா. அப்புறம் பன்னெண்டாம் வரியில ஒம்பேரப் போடச் சொல்லு" என்றார்.

போய்ச் சொன்னேன். சிலர் திட்டினார்கள், நியாயம்தான். ஓலையைக் கையில் கொடுத்தேன். அவர்களில் ஒருவர் நூற்பாலைக் கணக்கர், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, கொம்புதான் என்று ஒப்புக்கொண்டார்.

பன்னிரண்டு: நல்லசிவ தேசிகர். அந்த வரியை இனி நிரப்பிக்கொள்.

உன் பத்தொன்பது வயதில் உன்னை விட்டு வந்தேன். அது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. உன்னை நினைக்காத நாள் இல்லை என்பது மட்டும் தெரியும். அத்தைக்கு மாத்திரையை நேரத்துக்குக் கொடு. ஆண்டுக்கு ஒருமுறையாவது உன் அம்மா நாளில் யாருக்காவது சாப்பாடு போடு. இனி என்னால் உனக்கு எழுத இயலாது.

அப்பா

*

அம்பலத்தேசிகர் மட அலுவலகம்,
சிதம்பரம்,
20.02.2025

மதிப்புக்குரிய இலக்கியா அம்மாவுக்கு,

எழுத்தர் தில்லைநாதன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நலமா? அத்தை நலமா? பதினோராவது சந்நிதானம் தை மாதம் பதினைந்தாம் நாள் பரிபூரணம் அடைந்ததும், குருபூசை நாளில் பன்னிரண்டாவது சந்நிதானம் பீடம் ஏறியதும் தாங்கள் அறிந்ததே. அன்று வரிசையில் தாங்களும் நின்று திருநீறு வாங்கியதை நான் பார்த்தேன். அப்போதுதான் எனக்குத் தாங்கள் யார் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். தங்கள் முன்னாலேயே டீ குடித்துக்கொண்டு 'அதான் வெனை' என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. மன்னிக்க வேண்டும்.

பீடம் ஏறிய பிறகு தாங்கள் 'அப்பாவுக்கு' என்று எழுதிய இரண்டு கடிதங்கள் அலுவலகத்துக்கு வந்தன. பூர்வாசிரமத்து உறவினர் கடிதங்களைச் சந்நிதானத்தின் பார்வைக்கு வைக்க எனக்கு அனுமதி இல்லை. பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். தவறாக நினைக்க வேண்டாம்.

புத்தகம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஐந்தாம் தேசிகருக்கு இனி பாட்டு உண்டா என்று சில பெற்றோர் கேட்டார்கள். பாடட்டும், கேட்க நன்றாகத்தானே இருக்கிறது என்று சந்நிதானம் சொல்லிவிட்டார்.

மற்றொன்று. சும்மா இருக்கும்போது மடத்து வழக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். சீடர்களும் அன்பர்களும் மரபு பற்றியோ சாத்திரம் பற்றியோ ஐயம் கேட்டு எழுதினால், அதற்குச் சந்நிதானம் தம் கையாலேயே பதில் எழுத வேண்டும் என்று அதில் உள்ளது. எழுத்தர் எழுதக் கூடாதாம். பல வருடமாக யாரும் ஐயம் கேட்டு எழுதவே இல்லை, எல்லாரும் பிரசாதம் கேட்டுத்தான் எழுதுகிறார்கள். இதைத் தங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், தங்களுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் உண்டு என்பதை அன்று டீ குடிக்கும்போது கவனித்தேன்.

இப்படிக்கு,
தில்லைநாதன்

*

சிவமயம்

கடலூர்,
05.03.2025

நல்லசிவ தேசிக சந்நிதானம் அவர்களின் திருமுன்,

அச்சகப் பணியாளர் இலக்கியா பணிந்து எழுதும் விண்ணப்பம். அடியேனும் அடியேனைச் சேர்ந்தவர்களும் நலம். சந்நிதானத்தின் நலம் விசாரிக்க எனக்கு உரிமை இல்லை என்று அறிவேன், ஆகையால் விசாரிக்கவில்லை.

குருமரபு வரிசையைக் கோத்தபோது எழுந்த ஐயம் ஒன்று. ஐந்தாம் பட்டத்துப் பெண்பெற்றார் தேசிகரின் பெண் பிறகு என்ன ஆனாள்? அவள் பெயர் என்ன? பீடத்தில் ஏறிய பிறகு அவர் அவளை மறந்துவிட்டாரா?

ஒன்பது ஓலையையும் எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டேன். எனக்கு விடை கிடைக்கவில்லை. தெளிவிக்க வேண்டுகிறேன்.

பணிவுடன்,
இலக்கியா

*

சிவமயம்

சிதம்பரம்,
14.03.2025

அன்பர் இலக்கியா அவர்களுக்கு,

சிவனருள் முன்னிற்க. தங்கள் ஐயம் வந்து சேர்ந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் ஏட்டில் இல்லை. ஊரும் இல்லை. அவள் என்ன ஆனாள் என்பதற்கு நம்மிடம் ஆவணம் இல்லை.

மறந்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். தீட்சை பெறும்போது ஒருவருக்குப் பழைய பெயர் போகும், குரு புதுப்பெயர் வைப்பார். ஏட்டில் உள்ள மற்ற எல்லாருக்கும் இருப்பது குரு வைத்த பெயரே. இவர் ஒருவருக்கு மட்டும் அந்தப் பெயர் ஏறவில்லை, ஊரார் கூப்பிட்ட பெயர் ஏறியிருக்கிறது. முப்பத்தோரு ஆண்டு பீடத்தில் இருந்தவர். அவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அப்படிக் கூப்பிட யாருக்கும் துணிவு வந்திராது. சொல்லவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

ஆகவே மறக்கவில்லை என்பது நமது துணிபு.

இந்த ஒரு ஐயத்தோடு தங்களுக்கு எல்லாம் தெளிந்துவிட்டதாக நாம் கருதவில்லை. வரிசையில் இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டு எழுதுக.

நல்லசிவ தேசிகர்